இருநூற்றுப் பன்னிரண்டு ஜோடிகள்

ஜூன் 2, திங்கள்

இன்றைய எண்ணிக்கை 1,846. இதை எழுதிவைக்கவேண்டும், ஏனென்றால் இது பொய் எண்.

பிறந்த சில நாளில் வலிப்பு வரும் குழந்தைகளுக்கு முதல் வேளை மருந்தை இரண்டு மடங்காகக் கொடுக்கலாமா என்று யார் யார் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்களோ, அத்தனை கட்டுரைகளையும் எங்கள் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவு ஒன்றரை வருடமாகச் சேர்த்துவருகிறது. சேர்ப்பது ஓர் இணையதளத்தில். கட்டுரை கண்ணில் பட்டதும் ஒரு பட்டனை அமுக்கினால் போதும், புக்மார்க்காகப் போய் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் குறிப்பு எழுதலாம். வசதிதான். ஆனால் ஒரே கட்டுரையைப் பத்திரிகையின் பக்கத்திலிருந்து ஒரு தடவை, மருத்துவக் கட்டுரைகளின் பட்டியல் தளத்திலிருந்து ஒரு தடவை, கல்லூரி லாகின் வழியாக ஒரு தடவை என்று சேர்த்துவைத்திருக்கிறோம். முகவரி மூன்றும் வேறு வேறு. தளத்துக்கு அது மூன்று கட்டுரை.

பிரிவுத் தலைவர் டாக்டர் ஆவுடையப்பன் இந்தக் குப்பையை என் தலையில் கட்டிவிட்டார். என்னோடு வேலை பார்க்கும் பிரிஸ்கில்லா பிரசவ விடுப்பில் வெள்ளிக்கிழமையோடு போய்விட்டாள். போகிற போக்கில் டாக்டர் இன்னொன்றும் சொன்னார். ஆகஸ்டிலிருந்து ஆராய்ச்சி உதவியாளர் இடம் ஒன்றுதானாம். இரண்டு பேர் பார்க்கும் வேலை இல்லையாம்.

எனக்கு எதிலும் இரண்டு பிடிக்காது. கல்யாணத்துக்கு வந்த நான்கு பால் குக்கரில் மூன்றை அந்த வாரமே கொடுத்துவிட்டேன். "என்னைய மாதிரி இன்னொருத்தன் வந்து நின்னா யாரத் தூக்கிப் போடுவ?" என்று கேட்பார் வீட்டுக்காரர்.

ஜூன் 4, புதன்

முறை பிடிபட்டுவிட்டது. 492 ஜோடிகளைத் தளமே கண்டுபிடித்து, 'இவை ஒன்றாக இருக்கலாம்' என்று காட்டுகிறது. தலைப்பு, எழுதியவர்கள், வருடம், பக்க எண் நான்கையும் ஒத்துப் பார்க்கவேண்டும். பிறகு ஒன்றாக்கவேண்டும். ஒன்றாக்கினால் முதலில் சேர்த்தது நிற்கும், பின்னால் சேர்த்தது குப்பைத்தொட்டிக்குப் போகும். அதிலிருந்த குறிப்பும் கூடவே போய்விடும். அதனால் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து முதலில் நகலெடுக்கவேண்டும். இது முக்கியம், ஏனென்றால் எங்கள் பிரிவில் குறிப்பில் எழுதியதுதான் செல்லும். வாயால் சொன்னது, போனில் சொன்னது எதற்கும் மதிப்பில்லை. டாக்டரின் சட்டம் அது.

பிரிஸ்கில்லாவைக் கூப்பிட்டு ஒரு சந்தேகம் கேட்டேன். ஒன்பதாம் மாதத்து மூச்சு வாங்கலோடு சொன்னாள்: "அக்கா, கீழ 'எல்லாத்தையும் ஒன்றாக்கு'ன்னு ஒரு பட்டன் இருக்கும். அத மட்டும் அமுக்கிராதீங்க. அது எதையும் பாக்காது, மொத்தமா வாரிக் கொட்டிரும்."

எனக்கே பாடம். நான் நூலக அறிவியலில் பட்டம் வாங்கியபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள். ஒரு நாளைக்கு முப்பத்தைந்து ஜோடி ஆகிறது.

ஜூன் 6, வெள்ளி

பிரிஸ்கில்லாவுக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ தொள்ளாயிரம். சுகப்பிரசவம்.

ஜூன் 9, திங்கள்

மிக்ஸி நின்றுவிட்டது. சந்திப்பிள்ளையார் முக்கிலுள்ள கடையில் கொடுத்தேன். வியாழக்கிழமை வரச் சொன்னார். அதுவரை பொடிதான்.

ஜூன் 11, புதன்

280 ஜோடி முடிந்தது. மீதி 212. இதே வேகத்தில் இன்னும் ஆறு நாள்.

டாக்டர் அறைவாசலில் பிடித்துக்கொண்டார். "கோமதி, நாளைக்கு எனக்கு மொத்த எண்ணிக்கை வேணும்மா. ஆஸ்பத்திரிக் கமிட்டிக்கு அனுப்பணும். முடிஞ்சிருமில்லா?"

முடிந்துவிடும் சார் என்றேன். ஏன் சொன்னேன் என்று கேட்டால், இடம் ஒன்றுதான் என்று சொன்ன வாயிலிருந்து வந்த கேள்வி அது.

ஜூன் 12, வியாழன்

முடிந்தது. 1,354. நாலு மணிக்கே டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். மிக்ஸியையும் வாங்கிவந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

"கோமதிகிட்டக் குடுத்தா நிம்மதி" என்று எல்லார் முன்னாலும் டாக்டர் சொன்னார். தேங்காய்ச் சட்னி அரைத்தேன். மிக்ஸி முன்னைவிடச் சத்தம் போடுகிறது.

ஜூன் 20, வெள்ளி

புள்ளியியல் பார்க்கும் மீரான் சார் முதல் கணக்கை அனுப்பினார். நாற்பத்தொரு ஆய்வுகள் தேறின. அதில் ஒன்று பெரியது, 612 குழந்தைகள். அந்த ஒன்றே முடிவை இழுத்துக்கொண்டு போகிறது என்றார். இரண்டு மடங்கு மருந்து நல்லது என்று வருகிறது. டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கமிட்டி ஒத்துக்கொண்டால் ஜூலை நடுவில் எங்கள் வார்டிலேயே தொடங்கிவிடலாம் என்கிறார்.

ஜூன் 26, வியாழன்

ஒன்றும் விசேஷமில்லை. தண்ணீர் வரவில்லை. அலமாரியை ஒழித்தேன். வீட்டுக்காரருடைய பழைய மூக்குக்கண்ணாடி ஒன்று, அவர் இப்போது போடுவதைப் போலவே இருந்தது. கண் முகாமுக்குக் கண்ணாடி சேர்க்க வந்தவர்களிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

கமிட்டிக் கூட்டத்தில் திரையில் காட்டப் படம் எடுப்பதற்காக அந்தப் பெரிய ஆய்வின் பக்கத்தை மீரான் சார் திறந்திருக்கிறார். மேலே சிவப்புப் பட்டை. பத்திரிகை அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டுவிட்டது. 612 குழந்தைகளின் பதிவேடுகளைக் கேட்டபோது எழுதியவர்களால் காட்ட முடியவில்லையாம். அறிவிப்பு மே 26ஆம் தேதியே வந்துவிட்டது.

மீரான் சார் அதை எடுத்துவிட்டுக் கணக்கை மறுபடி போட்டார். இரண்டு மடங்கு மருந்துக்கு ஆதாரமே இல்லை. வார்டில் எதுவும் மாறாது. கடவுள் புண்ணியத்தில் ஒரு குழந்தைக்கும் கொடுத்துவிடவில்லை.

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இந்த மாதிரி அறிவிப்பு வருதான்னு பாக்கது யாரு வேல?" என்றார். பிரிஸ்கில்லாவின் வேலை. மே 30 வரை அவள் இருந்தாள். எல்லாரும் கேட்கும்படி போனை ஸ்பீக்கரில் போட்டு அவளைக் கூப்பிட்டார்.

"அதப் பாத்தேன் சார். சேத்து வச்சு நோட்டும் போட்டேனே. வேண்டாம்னு எழுதியிருந்தேன்."

"எங்கம்மா இருக்கு? நீங்களே தளத்தத் தெறந்து பாருங்க."

குழந்தையின் சிணுங்கல் கேட்டது. நாங்கள் எல்லாரும் மேஜைமேல் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு நிமிஷம் இருக்கும்.

"இல்ல சார். காணல." பிறகு குரல் இறங்கிவிட்டது. "போட்டேன்னுதான் நெனச்சேன் சார்."

குப்பைத்தொட்டியை நான் திறந்து பார்க்கவில்லை. பார்க்க அவசியமும் இல்லை.

ஜூலை 2, புதன்

யோசித்துப் பார்த்தால் 212 ஜோடிகளும் தளமே காட்டியவை. நானாகக் கண்டுபிடித்தது எதுவுமில்லை. அந்தப் பட்டனை வைத்தவர்கள் அமுக்குவதற்குத்தானே வைத்திருக்கிறார்கள்.

துணி துவைத்தேன். காயவில்லை.

ஜூலை 3, வியாழன்

பார்த்தேன்.

திரும்பப் பெறும் அறிவிப்புக்கும் மூலக் கட்டுரையின் தலைப்பேதான் வைப்பார்கள். எழுதியவர்கள் பெயரும் அதே. முன்னால் ஒரு சொல் மட்டும் கூடுதல். தளத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. முதலில் சேர்த்தது கட்டுரை, அது நின்றுவிட்டது. பின்னால் சேர்த்தது அறிவிப்பு, அது தொட்டியில் கிடந்தது. அடியில் குறிப்பு:

'இதை எடுக்க வேண்டாம். மூலக் கட்டுரையையும் கணக்கிலிருந்து நீக்கணும். 612 பேர் பதிவேடு கிடையாது. மீரான் சார் பார்க்கவும். பிரிஸ்கில்லா, மே 28, காலை 11.15.'

அதற்குக் கீழே தளம் தானாக எழுதிய வரி: 'நீக்கியவர்: கோமதி. ஜூன் 12, பிற்பகல் 3.47. 212 உருப்படிகளில் ஒன்று.'

ஆறு நாள் வேலையை மூன்றே முக்கால் மணிக்கு ஒரே அமுக்கில் முடித்தேன். மிக்ஸிக் கடைக்காரர் ஐந்து மணிக்கு அடைத்துவிடுவார் என்பதும் உண்மைதான், ஆனால் காரணம் அது இல்லை.

தொட்டியில் முப்பது நாள் கிடக்கும். அதன் பிறகு தானே அழிந்துவிடும். அதாவது ஜூலை 12. மூடிவிட்டேன்.

ஜூலை 5, சனி

பிள்ளை பார்க்கச் சமாதானபுரம் போனேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன், இதையும் எழுதித்தான் ஆகவேண்டும். இரண்டு கவுனும் ஒரு டவலும் வாங்கிப்போனேன்.

பிரிஸ்கில்லா இளைத்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பால் கொடுத்த நேரம், எந்தப் பக்கம், சொட்டு மருந்து கொடுத்தது, எல்லாம் நிமிஷக் கணக்கில் எழுதியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவள் அம்மா போட்ட டிக்.

"என்னளா இது, ஆஸ்பத்திரி மாதிரி?" என்றேன்.

"எனக்கு எம்மேல நம்பிக்கையில்லக்கா. அந்த நோட்ட எழுதுனது கண்ணுக்குள்ளயே நிக்கி. பக்கத்துல தண்ணி பாட்டில் இருந்தது, ஃபேன் சத்தம், எல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா நோட்டு இல்ல. நடக்காத ஒண்ணு இவ்வளவு தெளிவா ஞாபகம் இருக்குன்னா, பிள்ளைக்கு மருந்து குடுத்தேன்னு நெனச்சுட்டுக் குடுக்காம இருந்துருவேனோன்னு பயமா இருக்கு. இல்லன்னா ரெண்டு தடவ குடுத்துருவேனோன்னு. அதான் அம்மாவ டிக் போடச் சொல்லுதேன்."

"பிள்ளை பெத்த ஒடம்பு. அப்படித்தான் மறதி வரும்" என்றார் அவள் அம்மா.

"எல்லாருக்கும் வாரதுதான்" என்றேன்.

அதை நான் சொன்னேன். என் வாயால் சொன்னேன். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். காபி கொடுத்தார்கள், குடித்தேன்.

ஜூலை 7, திங்கள்

டாக்டர் கூப்பிட்டார். "ஆகஸ்டு முதல் நீங்களே தொடருங்க. பிரிஸ்கில்லாவுக்கு நெருக்கடியான நேரம், வீட்டோட இருக்கட்டும். வெள்ளிக்கிழமை கடிதத்துல கையெழுத்துப் போட்டுருவேன்."

சரி சார் என்றேன். வீட்டுக்காரர் கேசரி கிண்டினார். எனக்கு இறங்கவில்லை. சர்க்கரை கூடிவிட்டது என்று சொல்லித் தள்ளிவைத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

இன்னும் நாலு நாள்.

ஜூலை 9, புதன்

காலையில் வீட்டுக்காரர் அலமாரியைப் புரட்டிக்கொண்டிருந்தார். "இங்கன இருந்த கண்ணாடி எங்க?"

"உங்க மூஞ்சிலதான் இருக்கு."

"இது தூரத்துக்கு. பேப்பர் வாசிக்கதுக்கு இன்னொண்ணு வச்சிருந்தம்லா."

ஒரே பிரேம், ஒரே கருப்பு, ஒரே கடை. கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தால் சிரித்தார். "பாக்க ஒண்ணு போலத்தாம்ளா இருக்கும். போட்டுப் பாத்தாத்தான தெரியும்" என்று பேப்பரைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிவைத்து வாசிக்க முயன்றார். கொஞ்ச நேரத்தில் என்னிடம் நீட்டினார். தலைப்புச் செய்திகளைப் படித்துக் காட்டினேன்.

ஜூலை 10, வியாழன்

தளத்தைத் திறந்தேன். 'நிரந்தரமாக அழிய 2 நாட்கள்' என்றது. 'இப்போதே அழி' என்றும் பக்கத்தில் ஒரு பட்டன் இருந்தது. அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தேன். எவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்று தெரியாது. மீரான் சார் "என்ன மேடம், நெட் போயிட்டா?" என்று கேட்டபிறகுதான் எடுத்தேன்.

ஜூலை 11, வெள்ளி

காலை பத்தரைக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு டாக்டரின் ஓ.பி. அறைக்குப் போனேன். வெளியே தாய்மார்கள் வரிசை. டாக்டர் ஒரு குழந்தையின் தலையைச் சுற்றி அளவு எடுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் போகும்வரை நின்றேன். பிறகு திரையை அவர் பக்கம் திருப்பிவைத்தேன்.

குறிப்பை வாசித்தார். கீழே இருந்த வரியை வாசித்தார். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.

"எப்பத் தெரியும்?"

"மூணாந் தேதி சார்."

"அதுக்கப்புறம் நான் உங்ககிட்டக் கடிதத்தப் பத்திப் பேசினேன்லா?"

"ஆமா சார்."

என்னென்ன திட்டுவார் என்று எட்டு நாளாக நானே எனக்கு ஒத்திகை பார்த்திருந்தேன். அதில் எதையும் அவர் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒன்று கேட்டார்.

"மிச்சம் எரநூத்திப் பதினொண்ணு?"

இத்தனை நாளும் அந்த ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மீதி 211இல் யாருடைய எந்தக் குறிப்பு கிடக்கிறது என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அவ்வளவுக்கு என்னைப் பற்றிய நினைப்பு.

"நாளைக்கு அழிஞ்சிரும் சார்."

"அப்போ இன்னைக்குப் பாருங்க. யாரு வாசிச்சதோ அவங்களயும் வச்சுக்கிட்டுப் பாருங்க" என்று அடுத்த குழந்தையை உள்ளே கூப்பிட்டார்.

வாசித்தது பிரிஸ்கில்லா. முதலில் 212ஐயும் மீட்டேன். பிறகு அவளைக் கூப்பிட்டேன். சுற்றிவளைக்கவில்லை, பூசி மெழுகவில்லை. அந்தப் பட்டனை அமுக்கினது நான், உன் நோட்டு என்னாலதான் போச்சு என்றேன்.

"அக்கா, ஒரு நிமிஷம்" என்றாள். "நான் எழுதியிருந்தேனா?"

"எழுதியிருந்த."

"மே இருபத்தெட்டா?"

"இருபத்தெட்டு. காலையில பதினொண்ணே கால்."

அழுகிறாளோ என்று நினைத்தேன். அழவில்லை.

"வீட்டுக்கு வந்தீங்கள்லா, சனிக்கெழம. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அந்தத் தாளப் பாத்தீங்க."

"பாத்தேன்."

போனுக்கு அப்பால் அவள் குரல் கேட்டது: "அம்மா, பிள்ளைய வாங்குங்க. எனக்கு வேல இருக்கு." பிறகு என்னிடம், "மொத ஜோடியத் தெறங்க" என்றாள்.

சாயங்காலம் ஆறரை வரை பார்த்தோம். நடுவில் இரண்டு தடவை பால் கொடுக்கப் போனாள். நான் தலைப்பு வாசிப்பேன், பக்க எண் வாசிப்பேன், அவள் 'ஒண்ணுதான்' அல்லது 'நிறுத்துங்க' என்பாள். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா என்றும் கூப்பிடவில்லை.

ஜூலை 12, சனி

212இல் 209 ஒன்றேதான். மூன்று ஒன்றல்ல. ஒன்று அந்த அறிவிப்பு. இன்னொன்று, ஒரே தலைப்பில் வந்த ஓர் ஆய்வின் முதல் வருட முடிவும் ஐந்தாம் வருட முடிவும். மூன்றாவது, அட்டவணையில் மருந்தின் அளவு தப்பாக அச்சாகியிருந்ததற்கான திருத்தம். மீரான் சார் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். பத்து மடங்கு தப்பு.

பிற்பகல் 3.47க்குத் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். அந்த 209ஐ இன்னும் ஒன்றாக்கவில்லை, அதனால் தொட்டி காலியாக இருந்தது. அழிய எதுவும் இல்லை.

ஜூலை 14, திங்கள்

கடிதம் வந்தது. எனக்காக அடித்ததையே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். மற்ற வரிகள் அப்படியே இருந்தன. பிரிஸ்கில்லா ஆகஸ்டிலிருந்து வீட்டில் இருந்தபடியே வேலை பார்ப்பாள். எனக்கு இந்த மாதத்தோடு சரி. டாக்டர் என்னிடம் இன்னும் மரியாதையாகத்தான் பேசுகிறார். முன்பு பெயர் சொல்லிக் கூப்பிடுவார், இப்போது மேடம் என்கிறார்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேசரியை நினைத்திருப்பார். விளக்குமாற்றை எடுத்து முற்றத்தைப் பெருக்கினார்.

ஜூலை 22, செவ்வாய்

புதிய கண்ணாடி வந்தது. தூரத்துக்கானதற்குச் சிவப்பு நூல் கட்டிவைத்தேன்.

ஜூலை 31, வியாழன்

கடைசி நாள். பாஸ்வேர்டு, பட்டியல்கள், அலமாரிச் சாவி எல்லாம் ஒப்படைத்தேன். போன வாரம் பிரிஸ்கில்லாவுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தேன். மன்னிப்பு என்ற சொல்லை எழுதி, அழித்து, மறுபடி எழுதி அனுப்பினேன். பார்த்துவிட்டாள். பதில் வரவில்லை. வரவேண்டும் என்று சட்டமில்லை.

வெளியேறும் முன் தளத்தைக் கடைசியாக ஒரு தடவை திறந்தேன். மேலேயே அந்தக் கட்டுரையும் அறிவிப்பும் ஜோடியாக நின்றன. மீட்ட நாளிலிருந்து தினமும் கேட்கிறது: 'இவை ஒன்றாக இருக்கலாம். ஒன்றாக்கவா?' தினமும் 'வெவ்வேறு' என்று அமுக்குகிறேன். மறுநாள் திரும்பவும் கேட்கும்.

இன்று அறிவிப்பைத் திறந்து பார்த்தேன். பிரிஸ்கில்லாவின் மே 28 குறிப்புக்குக் கீழே புதிதாக ஒரு குறிப்பு இருந்தது. நேற்றைய தேதி.

'மேலே உள்ளதை எழுதியது நான்தான். எனக்கு மறக்கவில்லை. பிரிஸ்கில்லா.'

'வெவ்வேறு' என்று அமுக்கிவிட்டு வெளியே வந்தேன்.